கட்டங்காப்பிக்கு எந்தக் கொட்டை?

எங்கள் வீட்டில் காப்பிக் கொட்டை இரண்டே வகை: காய்ந்தது, காயாதது. காயாதது முற்றத்தில் பனம்புப் பாயில் கிடக்கும். காய்ந்தது அடுப்புக்கு மேலே பரணில், சாக்கில் கிடக்கும். அதற்கு மேல் வகை பிரிக்க ஏலப்பாறையில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை. கொழுந்து எடுக்க மலையேறும் முன் தொண்டையில் சூடாக ஏதாவது இறங்க வேண்டும். அது தேயிலைத் தண்ணியாக இருந்தாலும் சரி, பாலில்லாத கட்டங்காப்பியாக இருந்தாலும் சரி.

இன்று அதே ஊரில், அதே சாரலில், என் அக்கா மகன் சமையல் மேடை முழுக்கக் கருவிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, "மாமா, எதுல போடட்டும்? அதச் சொன்னாத்தான் எந்தக் கொட்டைன்னு முடிவு பண்ண முடியும்" என்கிறான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது முன்பெல்லாம் துணிமணி கொண்டுவருவான். இப்போது வருவது ஒரு கண்ணாடிக் குடுவை, பீங்கான் கூம்பு, அதில் போடத் தாள் வடிகட்டிகள், இத்தாலிக்காரர்களின் மோக்கா பாத்திரம், கையால் சுற்றும் அரவை மில், நீள மூக்குக் கெண்டி, கிராமில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகாத தராசு. தராசைப் பார்த்ததும் என் அம்மா, "ஏலக்கா நிறுக்கவா ராசா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் அவ்வளவு நுணுக்கமாக நிறுக்கத் தகுந்த பொருள் அது ஒன்றுதான்.

ஏலப்பாறைக்காரன் காப்பியைப் பற்றி எழுதுவதைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகும் சாலையில் இரண்டு பக்கமும் தேயிலைதானே. ஆனால் பீருமேட்டு மலையில் துரைமார் முதலில் போட்டது காப்பி. 1860களில் காட்டை அழித்து நட்டார்கள். 1869-ல் இலங்கையில் இலைத்துரு நோய் கண்டது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி அப்பும், இலை கொட்டும், செடி மொட்டையாகும். சில ஆண்டுகளில் அது தென்னிந்திய மலைகளுக்கும் வந்துவிட்டது. இலங்கை தேயிலைக்கு மாறியது, பீருமேடும் மாறியது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த சனங்களின் முதுகில் கொழுந்துக் கூடை ஏறியது அப்படித்தான். நோயைத் தாங்கிக்கொள்ளும் ரொபஸ்டா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து, மெல்லப் பரவி, எங்கள் பக்கத்து வேலியோரங்களிலும் மிளகுக்கொடி ஏறிய முருக்கு மரங்களுக்கு நடுவிலும் இடம் பிடித்தது. ஆக, எங்கள் வீட்டுக் கொட்டையைத் தேர்ந்தெடுத்தது அப்பாவும் இல்லை, தாத்தாவும் இல்லை, ஒரு பூஞ்சை.

எஸ்டேட் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு வாய்த்த காய்கறித் துண்டில், வேலியோடு வேலியாகச் சில செடிகள் நின்றன. போதாததற்கு ஓடைக்கு அந்தப்புறம் அச்சாயன் தோட்டம். பாலாப் பக்கத்திலிருந்து குடியேறி வந்தவர். அவரிடம் காப்பி பறிக்கப் போனால் கூலியில் ஒரு பங்கு காசாகவும் ஒரு பங்கு காப்பிக்குருவாகவும் வரும். கிளையின் அடியில் பிடித்து நுனிவரை ஒரே உருவு. பழுத்தது, செங்காய், பச்சை, மரத்திலேயே கறுத்தது, கூடவே ஒரு கூட்டம் சிவப்பெறும்பு, எல்லாம் ஒன்றாகச் சாக்கில் விழும். பழுத்ததை மட்டும் பார்த்துப் பறித்த ஒரு சின்னப் பெண்ணை அச்சாயன் திட்டியது நினைவிருக்கிறது. அவர் பார்வையில் அது சோம்பேறித்தனம்.

முற்றத்தில் கொட்டினால் காய மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். டிசம்பரிலும் மேகம் வாசல்வரை இறங்கும் ஊர் எங்களுடையது. வெயில் வரும்போது பரப்பி, சாரல் அடிக்கும்போது அள்ளி, மறுபடி பரப்புவோம். நடுவில் கோழி கிளறும், நாய் படுக்கும். பழத்தோல் புளித்து ஒரு கள்வாடை முற்றம் முழுக்க நிற்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். அதுதான் உண்டக்காப்பி. உரலில் குத்திப் புடைத்தால் பரிப்பு.

வறுப்பது இரும்புச் சட்டியில், விறகடுப்பில். கொஞ்சம் வெந்தயம் சேரும். மாசக் கடைசி என்றால் ஒரு பிடி அரிசியும் சேரும். எதுவரை வறுப்பது என்பதற்கு அம்மாவிடம் ஒரே அளவுகோல்: பக்கத்து வீட்டுக்காரி இருமத் தொடங்கினால் இறக்கலாம். பிறகு உரலில் இடித்துத் தகர டப்பாவில் போட்டு, கொதிக்கும் தண்ணீரில் பொடியும் சுக்கும் வெல்லமும் தட்டிப் போட்டு, பொங்கி வந்ததும் ஒரு கை பச்சைத் தண்ணீரைத் தெளித்தால் மண்டி அடியில் தங்கும். தங்காததைப் பல்லால் வடிகட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நன்றாக இருந்ததா என்றால், இல்லை. சுக்கும் வெல்லமும் ருசிக்காகச் சேர்த்தது பாதி, கருகலை மறைக்கச் சேர்த்தது பாதி. பழையதெல்லாம் பொன் என்று எழுதுகிறவர்களின் கட்டுரைகளை நானும் படித்திருக்கிறேன். அவர்கள் எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்தவர்கள் இல்லை.

இப்போது மருமகனின் பாக்கெட்டுக்கு வருவோம். கால் கிலோ ஐந்நூறு ரூபாய்க்கு மேல். தோட்டத்தின் பெயர், எத்தனை மீட்டர் உயரம், செடியின் ரகம், வறுத்த தேதி, எல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். ஜாதகம் எழுதினால்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு விவரம் கேட்பதில்லை. நடுவில் பெரிய எழுத்தில் 'நேச்சுரல்'. "அப்படின்னா என்ன மாப்ளே?" என்றேன்.

"கொட்டைய உரிச்சுக் கழுவாம, பழத்தோடயே வெயில்ல காயவைக்கிறது மாமா. அதனாலதான் அந்தப் பழ வாசம். நல்லா மோந்து பாருங்க, பலாச்சுளை மாதிரி வரும்."

வந்தது. முற்றத்தில் நின்ற அதே கள்வாடைதான், குளித்து உடுத்தி மரியாதையாக வந்திருந்தது. எங்கள் காலத்துக் கணக்கில் பழத்தோடு காய்ந்தது 'செர்ரி'. மட்டம், விலை குறைவு. உரித்துக் கழுவிக் காயவைத்த அராபிகாதான் 'பிளாண்டேஷன்'. உசத்தி, பெரிய தோட்டத்துக்காரர்களின் சரக்கு, ஏனென்றால் கழுவ இயந்திரமும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். இப்போது அந்தப் படிக்கட்டு தலைகீழாகக் கிடக்கிறது.

அதோடு விடவில்லை. இன்னொரு பாக்கெட் மான்சூன்டு மலபார். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரம் படும்படி கிட்டங்கியில் கொட்டையைப் பரப்பிவைக்கிறார்கள். அது ஊறி உப்பி, பச்சை நிறம் போய் வெளிறி, புளிப்பை இழக்கிறது. பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப்போன காலத்தில், மாதக்கணக்கில் கடல் ஈரம் குடித்துப் போன கொட்டையின் ருசி ஐரோப்பியருக்குப் பழகிவிட்டதாம். கப்பல் வேகமானதும் அந்த ருசி காணாமல் போக, மலபார்க் கரையிலேயே அதைச் செய்யத் தொடங்கினார்கள். இன்று புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. ஆனி ஆடியில் எங்கள் பரணில் உப்பி வெளிறிய கொட்டையை அம்மா "பூத்துப் போச்சு" என்று சொல்லிக் குழந்தைகளுக்குத் தராமல் பெரியவர்களுக்கு மட்டும் போடுவார். நியாயமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றில்லை. அவர்கள் கிளறி, பூசணம் பிடிக்காமல் காப்பாற்றுகிறார்கள். எங்களுடையதில் பூசணமே பிரதானம்.

மரநாய் விஷயத்தை எழுதாமலே விட்டுவிடலாம் என்று பார்த்தேன். பாறைமேல் அது கழித்துவிட்டுப் போன கொட்டைக் கட்டிகளை நாங்கள் பொறுக்கிவந்தால் வாசலிலேயே அடி விழும். அதைத்தான் இப்போது குடகில் கண்ணாடிப் புட்டியில் விற்கிறார்கள்.

அப்பாவுக்கு மட்டும் ஒரு சபலம் உண்டு. சம்பளத்துக்குப் பிறகு குமுளி வழியாகக் கம்பம் இறங்கினால் காப்பிப்பொடிக் கடைக்குப் போகாமல் திரும்பமாட்டார். எதிரிலேயே வறுத்து, எதிரிலேயே அரைத்து, சூட்டோடு பொட்டலம் கட்டித் தருவார்கள். கடைக்காரர் கேட்பது இரண்டே கேள்வி: "பீபரியா, பிளாண்டேஷன் ஏயா? சிக்கரி எவ்வளவு?" பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தால் பீபரி. அதில் ஏதோ கூடுதல் சத்து என்று தமிழ்நாடு முழுக்க ஒரு நம்பிக்கை. 'ஏ' என்ற எழுத்து கொட்டையின் பருமனைக் குறிப்பது, ருசிக்கு அது சாட்சி இல்லை. எந்த மலைக் கொட்டை, எந்தத் தோட்டத்துக் கொட்டை என்று அப்பா கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது. 1942-ன் காப்பிச் சட்டப்படி, தோட்டக்காரர்கள் விளைச்சலைக் காப்பி போர்டின் பொதுக் கிட்டங்கியில் ஒப்படைக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம். ஏற்காடும் குடகும் வயநாடும் தரவாரியாக ஒன்றாய்க் கலந்து ஏலத்துக்குப் போகும். 1992-ல் தளரத் தொடங்கிய இந்தக் கட்டு 1996-ல்தான் எல்லோருக்கும் முழுதாக அவிழ்ந்தது. அதனால்தான் அப்பாவின் தலைமுறைக்குத் தோட்டத்தின் பெயர் தெரியாது, கடைக்காரரின் பெயர் மட்டும் தெரியும். இன்றைய பாக்கெட்டில் ஒற்றைத் தோட்டத்துப் பெருமை அடிக்க முடிகிறதென்றால், சட்டம் விலகி நின்றதும் அதற்கு ஒரு காரணம். மருமகனுக்கு இதைச் சொன்னேன். அவன் கெண்டியின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் அவன் சொன்ன ஒன்று என் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. சுடுதண்ணீர் பொடியிலிருந்து முதலில் புளிப்பை எடுக்குமாம், அடுத்து இனிப்பை, கடைசியில் கசப்பை. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்குத்தான் இத்தனை கருவியும். நைசாக அரைத்தால் சீக்கிரம் இறங்கும், கொரகொரவென்றிருந்தால் நேரம் பிடிக்கும். லேசாக வறுத்த கொட்டை கெட்டி. எளிதில் விட்டுக்கொடுக்காது, நல்ல கொதியும் பொறுமையும் கேட்கும். கறுக்க வறுத்தது பொறபொறத்துப்போய் உள்ளதையெல்லாம் உடனே கொட்டிவிடும், கொதியைக் கொஞ்சம் ஆற்றித்தான் ஊற்ற வேண்டும். எண்ணிப் பார்த்தால் அம்மா கறுக்க வறுத்ததையே எடுத்து, அதையே நைசாக இடித்து, அதையே தளதளவென்று கொதிக்கவிட்டார். கசப்புக்கு மூன்று வாசலையும் திறந்துவைத்தாயிற்று. சுக்கு மட்டும் என்ன செய்யும், பாவம்.

கண்ணாடிக் குடுவையான ப்ரெஞ்ச் ப்ரெஸ்ஸுக்குக் கொட்டையை ரவையைவிடப் பெரிதாக உடைக்க வேண்டும். நாலு நிமிஷம் ஊறவிட்டு வலையை அழுத்தினால், எண்ணெய்ப் பசையும் கொஞ்சம் மண்டியும் கோப்பையில் சேர்ந்தே வரும். அதற்கு நடுத்தரமாக வறுத்த அராபிகா, அல்லது புளிப்பில்லாத அந்த மான்சூன்டு மலபார். கூம்பில் தாள் இருப்பதால் எண்ணெய் நின்றுவிடும், தெளிந்த சாறு மட்டும் இறங்கும். கழுவிக் காயவைத்து லேசாக வறுத்த அராபிகா இதில்தான் வாயைத் திறக்கிறது. எத்தியோப்பிய ரத்தம் கலந்த செலக்‌ஷன் 9 என்ற ரகத்தை இவன் அதில்தான் போட்டான். தாளில் வடிப்பது ஒன்றும் பெங்களூர்க் கண்டுபிடிப்பு இல்லை. 1908-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, கோப்பையில் மண்டி தங்குவது பொறுக்காமல், பித்தளைப் பாத்திரத்தில் ஓட்டை போட்டு, மகனின் நோட்டிலிருந்த மையொற்றுத் தாளைக் கிழித்து விரித்துத் தொடங்கியது. அம்மாவுக்கும் அதே மண்டிதான் பிரச்சினை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் மையொற்றுத் தாள் கொடுக்கவில்லை. மோக்கா பாத்திரம் 1933-ல் இத்தாலியில் பியாலெட்டி கம்பெனி கொண்டுவந்தது. கீழே ஆவி கட்டி, தண்ணீரைப் பொடி வழியாக மேலே தள்ளும். கொஞ்சம் ரொபஸ்டா கலந்து, நடுத்தரத்துக்கு மேல் வறுத்த கொட்டை அதற்குச் சரி.

மருமகன் வாகமண் போயிருந்த ஒரு மத்தியானம், பொடி தீர்ந்துவிட்டதென்று அம்மா அவனுடைய விலையுயர்ந்த கொட்டையை மிக்ஸியில் போட்டு, பித்தளை ஃபில்டரில் இறக்கி, பால் சேர்த்து, சர்க்கரை போட்டு எனக்கும் கொடுத்தார். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "பால் திரிஞ்சிருக்கும்போல" என்று பால்காரரைத் திட்டத் தொடங்கினார். பால் திரியவில்லை. லேசாக வறுத்த அராபிகாவின் புளிப்பு, பாலில் அப்படித்தான் தெரியும். மறுநாள் பழிக்குப் பழியாக மருமகன் கம்பத்துப் பொடியைத் தன் கூம்பில் போட்டுக் கெண்டியைச் சாய்த்தான். பொடி பசையாகித் தாளை அடைத்துக்கொண்டது. சிக்கரியின் வேலை. சொட்டு இறங்குவதற்குள் மேட்டுப்பக்கத்து மழை வந்து போய்விட்டது.

இந்த இரண்டு சம்பவத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது: எந்தக் கருவி என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி பால் உண்டா இல்லையா. பால் உண்டென்றால் மென்மையான கொட்டைக்குச் செலவழிக்கும் பணம் வீண். பாலைத் தாண்டி நாக்குக்கு வந்து சேர, கறுக்க வறுத்த கொட்டையும் அதில் கொஞ்சம் ரொபஸ்டாவின் முரட்டுத்தனமும் வேண்டும். அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் அதில் இருக்கிறது, கசப்பும் கனமும் கூட. நம் ஃபில்டர் மெல்ல மெல்லச் சொட்டிக் கெட்டியான டிகாஷன் தருவதே பாலை மனதில் வைத்துத்தான். நம் ஆட்கள் பீபரியையும் பிளாண்டேஷனையும் வாங்கி, சிக்கரி கலந்து, அரை டம்ளர் பாலில் முக்குவதை மருமகன் கேலி செய்தபோது, டிகாஷன் காப்பி ஒரு தனி சாதி, அதற்கு உன் தராசு செல்லாது என்று சொன்னேன். அவனும் காலையில் முதலில் குடிப்பது அம்மா கொடுக்கும் அதைத்தான்.

பால் இல்லையென்றால் கதை வேறு. இந்த வருஷம் அவன் அச்சாயன் தோட்டத்தில் மிச்சமிருக்கும் நாலைந்து ரொபஸ்டாச் செடிகளில் சிவக்கப் பழுத்ததை மட்டும் பறித்தான். அடித் துருப்பிடித்த கட்டில் மேல் வலை கட்டி, தரையில் படாமல் காயவைத்தான். அம்மாவின் அதே இரும்புச் சட்டியில் வறுத்தான். கருகவிடாமல், கொட்டையின் மேல் எண்ணெய் மினுங்கும் முன்பே இறக்கிவிட்டான். பக்கத்து வீட்டில் யாரும் இருமவில்லை. கொரகொரவென்று உடைத்து, அடுப்பை அணைத்த பிறகு தண்ணீரில் போட்டு மூடிவைத்துக் கொடுத்தான். சுக்கு இல்லை, வெல்லம் மட்டும் ஒரு துண்டு. அம்மா குடித்துவிட்டு, "கொட்ட இவ்வளவு நல்லதா?" என்றார். அத்தனை வருஷமும் அதே செடிதான். ஆகவே கட்டங்காப்பிக்கு எந்தக் கொட்டை என்று கேட்டால் என் தீர்ப்பு இதுதான்: நம் வேலியோரத்து ரொபஸ்டா, பழுத்தது மட்டும், கருக்காமல். கருவிக்குச் செலவு பூஜ்யம்.

அச்சாயன் காலமாகிவிட்டார். 2001 வாக்கில், வியட்நாம் ரொபஸ்டா உலகச் சந்தையில் குவிந்து காப்பி விலை பாதாளத்துக்குப் போனபோது அவருடைய மகன் தோட்டத்துக் காப்பியை வெட்டி ஏலச்செடி வைத்தார். பீருமேட்டுத் தேயிலை எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாகப் பூட்டியதும் அதையொட்டிய வருஷங்களில்தான். எங்கள் லயத்துக்காரர்களில் பாதிப் பேர் அப்போது கம்பத்துக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். 2024-ல் அதே வியட்நாமில் வறட்சி வந்து, லண்டன் சந்தையில் ரொபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியது. அன்று அந்த மகனின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இப்போது அவர் வீட்டில் குடிப்பது ஏலப்பாறைக் கடையில் வாங்கும் பாக்கெட் பொடி. மருமகன் அதைத் திருப்பிப் படித்துக் காட்டினான்: காப்பி 53 சதவீதம், சிக்கரி 47. சட்டம் சிக்கரியை 49 சதவீதம்வரை அனுமதிக்கிறது. கொட்டை எந்த மலை, எந்த ரகம் என்று ஆராய்வதற்கு முன்னால், நீங்களும் உங்கள் வீட்டுப் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.